பாதி உருண்டை தண்ணீருக்குள்: ஐந்தாம் வகுப்பில் விசைப் பாடம், ஒரு நிகழ்வு ஆய்வு

நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் உட்காரும் சிறிய அரசுப் பள்ளி. திருவண்ணாமலை மாவட்டத்தில் நெல்லும் மணிலாவும் போடுகிற ஊர். பிள்ளைகளில் பலர் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள், வீட்டுக்குக் குடத்தில் தண்ணீர் எடுத்து வருகிறவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த வாதத்தில் பாடப்புத்தகத்தைவிட அதிகம் கைகொடுத்தது கிணறும் குடமும்தான்.

பாடம் விசை. தொடக்க வகுப்புகளில் இந்தப் பாடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறது. தள்ளுவதும் இழுப்பதும் விசை என்று ஒரு வரி. பக்கத்தில் கதவைத் தள்ளும் சிறுவன், நீர் இறைக்கும் பெண், வண்டி இழுக்கும் மாடு. எது தள்ளுதல், எது இழுத்தல் என்று பிள்ளைகள் எழுதுவார்கள், எல்லாம் சரியாகவே இருக்கும். என் வகுப்பும் அப்படித்தான் எழுதியது. எழுதி முடித்த அதே பிள்ளைகளிடம், "இந்த அறையில் இப்போது எந்தெந்தப் பொருள்மேல் விசை செயல்படுகிறது?" என்று கேட்டேன். சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் காட்டினார்கள். வெளியே ஓடிய ஆட்டைக் காட்டினார்கள். மேசைமேல் இருக்கும் புத்தகம்? "அது சும்மா இருக்கு டீச்சர்." ஆணியில் தொங்கும் காந்தி படம்? "அதுவும் சும்மாதான் இருக்கு."

எங்கள் பிள்ளைகள் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆஸ்பர்னும், இங்கிலாந்தின் லீட்ஸில் ரோசலிண்ட் டிரைவரும் 1980களில் பிள்ளைகளின் அறிவியல் எண்ணங்களை உட்கார்ந்து கேட்டுத் தொகுத்தார்கள். அங்கேயும் இதே கதைதான். விசை என்றால் அசைவு இருக்கவேண்டும். யாராவது முயற்சி செய்யவேண்டும், பெரும்பாலும் அது உயிருள்ள ஒன்றாக இருக்கவேண்டும். உருளும் பந்துக்குள் விசை இருக்கிறது, அது தீர்ந்ததும் பந்து நிற்கிறது. தள்ளு, இழு படங்கள் இந்த எண்ணத்தைத் தொடுவதே இல்லை. என் பார்வையில், எல்லாப் படத்திலும் ஒரு ஆளோ மாடோ இருப்பதால் அதை இன்னும் உறுதிதான் செய்கின்றன.

அப்படியானால் எங்கே தொடங்குவது? ஜப்பானில் 1963இல் இதாகுரா கியோனோபு என்ற அறிவியல் வரலாற்றாய்வாளர் முன்வைத்த ஒரு வகுப்பு முறை இருக்கிறது. கருதுகோள், சோதனை, வகுப்பு என்ற மூன்றையும் சேர்த்தே அதற்குப் பெயர் வைத்தார். முதலில் ஒரு கேள்வி, அதற்கு மூன்று அல்லது நான்கு விடைகள். பிள்ளைகள் ஒன்றைத் தேர்ந்து கை தூக்கவேண்டும். எத்தனை கை என்று கரும்பலகையில் எழுதப்படும். பிறகு ஏன் என்று பேச்சு. பேச்சு முடிந்ததும் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். கடைசியில்தான் சோதனை. அதுவரை ஆசிரியர் விடையைச் சொல்லக்கூடாது. "ஏதோ தோணுச்சு" என்பதும் ஏற்கத்தக்க காரணம். பேச விரும்பாத பிள்ளையைப் பேசச் சொல்லி வற்புறுத்தக்கூடாது. இதாகுரா 2018இல் மறைந்தார். அவருடைய கேள்விகள் ஜப்பானியப் பள்ளிகளில் இன்றும் புழங்குகின்றன. அவற்றில் இரண்டை எடுத்து எங்கள் வகுப்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டேன்.

முதல் கேள்வி

பக்கத்து அங்கன்வாடியில் கேட்டு வாங்கிய, முள் வைத்த எடை மெஷின் ஒன்று. அதன்மேல் இரண்டு காலில் நிற்கலாம், ஒரு காலில் நிற்கலாம், குந்தி உட்கார்ந்து பல்லைக் கடித்து அழுத்தலாம். எதில் எடை அதிகம் காட்டும்? நாலாவது விடை, எல்லாம் ஒன்றுதான்.

இங்கே ஒரு சிறு மாற்றம் செய்தேன். கை தூக்கும்முன் ஒவ்வொருவரும் சிலேட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்கவேண்டும். நன்றாகப் படிக்கிற பையன் எந்தப் பக்கம் கை தூக்குகிறான் என்று பார்த்துத் தூக்குகிற பழக்கம் எல்லா வகுப்பிலும் உண்டு, அதைத் தடுக்கத்தான். ஒரு காலில் நிற்பதற்கும் குந்தி அழுத்துவதற்கும்தான் அதிகம் கை விழுந்தது. "மொத்த பாரமும் ஒத்தக் கால்ல வருதுல்ல?" என்பது ஒரு கட்சி. "முக்கி அழுத்தினா ஏறும்" என்பது இன்னொன்று. எல்லாம் ஒன்றுதான் என்றவர்கள் சிலர்தான். அவர்களில் ஒருவன் வகுப்பிலேயே கணக்கில் கெட்டிக்காரன். "நான் அதே ஆளுதானே? என்மேல யாரும் ஏறலையே" என்றான்.

சோதித்தோம். முள் அடங்கும்வரை காத்திருந்தால் எல்லா நிலையிலும் ஒரே எடை. "உக்காரும்போது முள்ளு ஆடுச்சே!" என்று ஒரு பெண் விடாமல் கேட்டாள். அவள் பார்த்தது சரிதான். உடம்பு கீழே இறங்கத் தொடங்கும்போதும் இறங்குவது நிற்கும் கணத்திலும் மெஷினை அழுத்தும் விசை மாறத்தான் செய்கிறது. அந்த ஆட்டத்துக்குள் இன்னொரு முழுப் பாடம் இருக்கிறது. அன்று அதைக் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்துவிட்டு நகர்ந்தோம்.

களிமண் உருண்டை

அடுத்த கேள்விதான் இந்த ஆய்வின் மையம். ஒரு ஸ்பிரிங்கில் அரைக் கிலோ களிமண் உருண்டை தொங்குகிறது. உருண்டையின் பாதி மட்டும் தண்ணீருக்குள் போகும்படி இறக்கினால் ஸ்பிரிங்கின் நீளம் என்ன ஆகும்? அ, குறையும். ஆ, கூடும். இ, மாறாது.

இம்முறை வகுப்பு மூன்றாகப் பிரிந்தது. மாறாது என்பதுதான் பெரிய கட்சி, கணக்குப் பையன்தான் அதன் தலைவன். "போன கேள்வியில பாத்தோம்ல? எப்படி நின்னாலும் எடை மாறாது. அதே களிமண்ணுதான், எடை எங்க போவும்?" என்றான். முதல் சோதனையில் கற்றதை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்கிறான். தவறான விடைதான், ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற யோசனை மிக நல்ல யோசனை. எடை சும்மா காணாமல் போகாது என்ற அந்தப் பிடிவாதம் கொஞ்ச நேரத்தில் அவனுக்கே உதவப்போகிறது.

கூடும் என்றவர்களும் வெறுமனே சொல்லவில்லை. "களிமண்ணு தண்ணி குடிக்கும். துணி நனைஞ்சா கனக்குதுல்ல, அதுமாதிரி." இதைக் கேட்டு இரண்டு பேர் தங்கள் கட்சியைப் பற்றியே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

குறையும் என்ற கட்சியில் முதலில் பேசியது நான்காம் வகுப்புச் சிறுமி. அதுவரை பாடவேளையில் தானாக எழுந்து பேசாதவள். "கெணத்துல குடம் முழுகி இருக்கறவரைக்கும் லேசா வரும். தண்ணிக்கு மேல வந்தப்புறம்தான் கை இழுக்கும்."

"குடத்துக்குள்ள காத்து இருக்கும், அதான்."

"ரொம்பின குடத்துல ஏதுடா காத்து?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி நின்றது. நிரம்பிய குடம் தண்ணீருக்குள் ஏன் லேசாக இருக்கிறது? கணக்குப் பையன் கொஞ்சம் யோசித்து வேறு பக்கமாக வந்தான். "கேன் கட்டிக்கிட்டு நீச்சல் அடிக்கறோம், கேன் மிதக்கும், தண்ணி தூக்கும். களிமண்ணு மிதக்காது. மிதக்காதத தண்ணி எப்படித் தூக்கும்?"

விசையைத் தொடக்க வகுப்பில் கற்பிக்கிற எவரும் இந்த வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளலாம். மிதக்கும் பொருளைத் தண்ணீர் தூக்குகிறது, மூழ்கும் பொருளைத் தூக்குவதில்லை என்று பிள்ளைகள் இரண்டு வேறு உலகங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பெரியவர்களிலும் பலர் அப்படித்தான். "மூழ்கும் பொருள்மேலும் மிதப்பு விசை செயல்படுகிறது" என்று நான் எழுதிப்போட்டிருந்தால் பார்த்து எழுதியிருப்பார்கள், அந்தப் பிரிவு அப்படியே இருந்திருக்கும்.

பதில் பின் வரிசையிலிருந்து வந்தது. கிணற்றில் முங்கிக் கல் எடுத்து விளையாடுகிற பையன் ஒருவன். "தண்ணிக்குள்ள பெரிய கல்லக்கூட ஒத்தக் கையில தூக்கலாம். வெளிய தூக்கிப் பாரு, வராது. கல்லு மிதக்குதா?" இதற்குக் கணக்குப் பையனிடம் பதில் இல்லை. ஆனால் அவன் மாறவும் இல்லை.

மறுபடி சிலேட்டு. குறையும் பக்கம் பெரிதாகியிருந்தது, கணக்குப் பையனோடு ஒரு சிறு கூட்டம் மட்டும் நின்றது. இந்த நகர்வு எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. ஜப்பானிய உளவியலாளர்கள் ஹதானோ கியோவும் இனாகாகி கயோகோவும் 1991இல் எழுதிய கட்டுரையில் இதே களிமண் கேள்வியைக் கையாண்ட ஒரு வகுப்பு வருகிறது. அங்கே 34 பிள்ளைகள். வாதத்துக்கு முன் குறையும் என்றவர்கள் 12, கூடும் 8, மாறாது 14. வாதத்துக்குப் பின் 21, 5, 8. ஒரு சோதனையும் செய்யாமல், ஒருவரை ஒருவர் கேட்டே ஒன்பது பேர் சரியான பக்கம் வந்திருக்கிறார்கள். வாதத்துக்குப் பிறகும் எட்டுப் பேர் மாறாது என்ற பக்கம் நின்றதும் எனக்கு முக்கியமாகவே படுகிறது. எல்லாரும் மாறிவிட்டால் சோதனைக்கு வேலை இல்லை.

சோதனை ஒரு நிமிட வேலைதான். உருண்டை இறங்கியது, பாதி நனைந்தது, ஸ்பிரிங் சுருங்கியது. பிள்ளைகள் கத்தியதில் பக்கத்து அறை டீச்சர் எட்டிப் பார்த்தார். "இன்னும் இறக்குங்க டீச்சர், முழுசா!" முழுதாக இறக்கினால் இன்னும் சுருங்கியது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுச் சுருள்வில் தராசில் மாட்டிப் பார்த்தோம். உருண்டை பண்ணப் பிசைந்த களிமண் தண்ணீரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அடர்த்தி கொண்டது. அதனால் பாதி மூழ்கும்போது அளவு கிட்டத்தட்ட கால்வாசி குறையும், முழுதாக மூழ்கினால் ஏறக்குறையப் பாதியாகிவிடும். இப்படிப் பெரிய வித்தியாசம் தெரிவதால்தான் இந்தச் சோதனைக்குக் களிமண் நல்ல பொருள். இரும்புக் குண்டாக இருந்தால் முழுதாக மூழ்கினாலும் எட்டில் ஒரு பங்குதான் குறையும், ஸ்பிரிங்கில் அதைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம்.

தண்ணீர் குடிக்கும் என்ற கட்சி விடவில்லை. கொஞ்ச நேரம் ஊறட்டும், அப்புறம் பாருங்கள் என்றார்கள். அவர்களில் ஒருத்தியே வழியும் சொன்னாள். இன்னொரு உருண்டையை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் இறுக்கிச் சுற்றி, இரண்டையும் பார்க்கலாம். சுற்றியதும் குறைந்தது, சுற்றாததும் குறைந்தது. ஒரே ஒரு காரணத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று அறிவியல் முறையைப் பற்றி நாம் தனிப்பாடம் நடத்துகிறோம். இவளுக்கு அது தன் கட்சியைக் காப்பாற்றுகிற தேவையிலிருந்து வந்தது.

எடை எங்கே போனது?

கணக்குப் பையன் சத்தத்தில் கலந்துகொள்ளாமல் தராசையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரி டீச்சர், கொறஞ்ச எடை எங்க போச்சு?"

இந்தக் கேள்விக்காக ஒரு டிஜிட்டல் சமையல் தராசு தயாராக இருந்தது. அதன்மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, அளவைப் பூஜ்யமாக்கினேன். உருண்டை நூலில் தொங்கியபடியே தண்ணீருக்குள் போகும், அடியைத் தொடாது. கீழே தராசு என்ன காட்டும்? கூடுமா, அப்படியே இருக்குமா?

பெரும்பாலோர் அப்படியே இருக்கும் என்றார்கள். காரணம் நியாயமானது. நூல்தானே தாங்குகிறது, உருண்டை பாத்திரத்தைத் தொடக்கூட இல்லை. கணக்குப் பையன் கூடும் என்று எழுதியிருந்தான். "மேல கொறஞ்சுது இல்ல? அது கீழதான் வந்திருக்கணும்." முந்தைய கேள்வியில் அவனைத் தோற்கடித்த அதே நம்பிக்கை இங்கே அவனைத் தனியாகச் சரியான இடத்தில் நிறுத்தியது. உருண்டை இறங்க இறங்கக் கீழே எண் ஏறியது. மேலே எவ்வளவு குறைந்ததோ ஏறக்குறைய அவ்வளவு. தண்ணீர் உருண்டையை மேலே தள்ளுகிறது, உருண்டை தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இது. அந்தப் பெயரை நான் சொல்லவில்லை. "தண்ணி தூக்குது, தூக்கற பாரம் தண்ணி தலைமேல" என்று நான்காம் வகுப்புச் சிறுமி சொன்னதே போதுமாக இருந்தது.

நியூட்டன் என்ற அலகையும் நான் எடுக்கவில்லை. நூறு கிராம் எடை என்பது ஏறக்குறைய ஒரு நியூட்டன். ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம். இந்த வயதில் கிராமில் படித்து, கையிலும் கனத்தை உணர்ந்தால் போதும். புது அலகைக் கொண்டுவந்தால் கவனம் பெயர் மனப்பாடத்துக்குப் போய்விடும் என்பது என் உறுதியான கருத்து.

ஏன் இது பிடித்துக்கொண்டது

கேள்வியின் அமைப்பே பாதி வேலையைச் செய்தது. மூன்று விடைக்கும் பிள்ளைகளின் வாழ்க்கையிலேயே ஆதாரம் இருக்கிறது: நனைந்த துணி, மாறாத ஆள், மூழ்கிய குடம். ஒரு விடை மட்டும் அறிவாளித்தனமாகவும் மற்றவை முட்டாள்தனமாகவும் தெரிகிற கேள்வியை வைத்தால் வாதம் எழாது.

அடுத்தது, சோதனைக்கு முன்னால் பிள்ளை ஒரு பக்கம் நின்றாகவேண்டும் என்பது. வழக்கமாக நாம் சோதனையைச் செய்து காட்டிவிட்டு என்ன பார்த்தீர்கள் என்று கேட்கிறோம். எதையும் எதிர்பார்க்காமல் பார்க்கிற பிள்ளை களிமண்ணும் தண்ணீரும்தான் பார்க்கும். தன் கட்சி ஜெயிக்குமா என்று பார்க்கிற பிள்ளை ஸ்பிரிங்கின் நீளத்தைப் பார்க்கும்.

பேசாத பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்ற கவலை எனக்கு இருந்தது. வாய்விட்டுப் பேசியது வகுப்பில் கால்வாசிப் பேர்தான். ஹதானோவும் இனாகாகியும் இதைக் கவனித்திருக்கிறார்கள். அமைதியாக இருக்கும் பிள்ளைகள் தங்கள் எண்ணத்தைப் பேசுகிற ஒருவரை மனதில் தேர்ந்துகொண்டு, அவர் வாயிலாக வாதத்தில் கலந்துகொள்கிறார்கள் என்கிறார்கள். எங்கள் வகுப்பில் அதற்கு ஒத்த அடையாளம் கிடைத்தது. அன்று ஒரு வார்த்தையும் பேசாத இரண்டு பெண்கள் தங்கள் நோட்டில் கிணற்றுக் கல் வாதத்தை முழுதாக எழுதியிருந்தார்கள், சொன்ன பையனின் பெயரோடு.

கஷ்டமான பகுதி ஆசிரியரின் முகம். வாய் மூடிக்கொண்டாலும் முகம் விடை சொல்லிவிடும். பிள்ளைகள் அதைப் படிப்பதில் தேர்ந்தவர்கள். எல்லாக் கட்சியிடமும் ஒரே மாதிரி "அப்புறம்?" என்று மட்டும் கேட்பது, எண்ணிக்கையை எழுதும் சாக்கில் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வது, இவை உதவின. நேரமும் எடுக்கிறது. ஒரு கேள்விக்கு ஒரு பாடவேளை போய்விடும். பாடத்திட்டம் முடிக்கும் நெருக்கடியில் இது பெரிய விலை. ஆனால் விசைக்காக ஒதுக்கும் நேரத்தில் படங்களை எண்ணிக் கோடு போடுவதைக் குறைத்தாலே இரண்டு கேள்விக்கு இடம் கிடைக்கும்.

செய்துபார்க்க நினைப்பவர்களுக்கு: தளர்ந்த, நீளமான ஸ்பிரிங் வேண்டும். பேனா ஸ்பிரிங் இந்தக் கனத்தைத் தாங்காது. உருண்டை பாத்திரத்தின் பக்கத்தையோ அடியையோ தொட்டால் கணக்கு கெடும், அதனால் அகலமான, ஆழமான பாத்திரம் நல்லது. முதல் நாள் சாயங்காலம் ஒருமுறை தனியாகச் செய்துபார்த்துவிடுங்கள்.

மேசை தள்ளுகிறதா

களிமண் பாடம் நன்றாகப் போன தைரியத்தில், முதலில் கேட்ட கேள்விக்கே திரும்பினேன். மேசைமேல் சும்மா இருக்கும் புத்தகம். மேசை அதை மேலே தள்ளுகிறதா? தண்ணீர் தள்ளும் என்று ஒத்துக்கொண்ட வகுப்பு, மேசை தள்ளாது என்று ஏறக்குறைய ஒரே குரலில் சொன்னது. "தண்ணி அசையும். மேசை மரம். அது தடுக்குது, அவ்ளோதான்."

இதாகுராவின் இன்னொரு கேள்வித் தொடர் ஸ்பிரிங்கையும் விசையையும் பற்றியது. எல்லாத் திடப்பொருளையும் மிக விறைப்பான ஸ்பிரிங்காகப் பார்க்கப் பழக்குகிறது அது. அந்த வழியில் போனோம். புத்தகத்தை ஸ்பிரிங்மேல் வைத்தால் ஸ்பிரிங் தள்ளும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இரண்டு செங்கல்மேல் வைத்த மெல்லிய பலகை? வளைகிறது, தள்ளுகிறது, சரி. இனி மேசை. மேசைமேல் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து, ஜன்னல் வெயிலை அதில் பட வைத்தால் எதிர்ச் சுவரில் ஒளி விழும். கண்ணாடிக்குப் பக்கத்தில் மேசையை இரண்டு கையாலும் அழுத்தினால் சுவரில் ஒளி நகரும். கையை எடுத்தால் பழைய இடத்துக்கு வரும். மேசை வளைவது கண்ணுக்குத் தெரியாது, ஒளி நகர்வது தெரியும். அழுத்திப் பார்க்க வரிசை நின்றது.

கொஞ்சம் பேர் மாறினார்கள். கணக்குப் பையன் உடனே மாறினான். பாத்திரத் தராசுக்குப் பிறகு அவனுக்கு எல்லாவற்றிலும் மேலே, கீழே என்று ஜோடி தெரிகிறது. மற்றவர்கள் மாறவில்லை, குடத்தைச் சொன்ன சிறுமியும்தான். அவள் சொன்னது: "மேசை வளையுது டீச்சர், பாத்தேன். ஆனா தள்ளல. வளையறதும் தள்றதும் ஒண்ணா?"

இது நியாயமான கேள்வி, இதற்கு அந்தக் கண்ணாடி பதில் சொல்லாது. கண்ணாடி வளைவை மட்டும்தான் காட்டுகிறது. வளைந்த பொருள் தள்ளுகிறது என்பதைக் கையில் உணரவேண்டும். இரும்பு ஸ்கேலை வளைத்துப் பிடித்தால் விரலில் தெரிகிற அந்த எதிர்ப்பு, ஸ்பிரிங்கை அமுக்கினால் உள்ளங்கையில் தெரிகிற அழுத்தம், கண்ணாடிக்கு முன்னால் வந்திருக்கவேண்டியது இதுதான். பலகை வளைகிறது, தள்ளுகிறது என்று அவர்கள் தலையாட்டியபோது கண்ணால் பார்த்துத்தான் தலையாட்டினார்கள்.

அடுத்த ஆண்டு வரிசையை மாற்றுகிறேன். பாத்திரத் தராசு முடிந்த கையோடு ஒவ்வொரு பிள்ளையும் ஸ்கேலையும் ஸ்பிரிங்கையும் கையால் வளைத்து, அமுக்கிப் பார்க்கும். அதற்குப் பிறகு பலகை, பிறகு கண்ணாடி. மேசைக் கேள்விக்கு இதுவரை இரண்டு விடைதான் வைத்திருந்தேன், தள்ளுகிறது, தள்ளவில்லை. இனி மூன்றாவது ஒன்றும் இருக்கும்: இ, வளைகிறது, ஆனால் தள்ளவில்லை.